கடைமடைப் பெட்டி

புத்தகத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம். கச்சேரிக்கு, நாடகத்துக்கு, ஏன், ஓட்டல் சாம்பாருக்குக்கூட ஸ்டார் கொடுக்கிறோம். ஆனால், நாள் முழுக்க நம்மோடு குடித்தனம் பண்ணும் சில சாமான்களை யாரும் விமரிசிப்பதில்லை. இந்த வாரம் அப்படி ஒரு சாமான். உங்கள் வீட்டில் டி.வி.க்குப் பக்கத்திலோ, செருப்பு அலமாரிக்கு மேலேயோ சுவரில் மாட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டி. நாலைந்து குட்டி விளக்குகள் பச்சையாகக் கண் சிமிட்டுமே... அதுதான்.

நீங்கள் அதை மோடம் என்பீர்கள். உங்கள் பையன் ரவுட்டர் என்பான். மாட்ட வந்தவர் 'ஓ.என்.டி.' என்று சொல்லிவிட்டு, நீங்கள் 'அப்படின்னா?' என்று கேட்பதற்குள் பைக்கை ஸ்டார்ட் பண்ணியிருப்பார். ஆப்டிகல் நெட்வொர்க் டெர்மினல் என்பதன் சுருக்கம். தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழை முடிகிற இடம். ஒளியாக வருவதை மின்துடிப்பாக மாற்றி வைஃபைக்கும் டெலிபோனுக்கும் டி.வி.க்கும் பிரித்துக் கொடுப்பது அதன் உத்தியோகம்.

அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்றிருக்கிறேன். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறதா? அது யாருடைய பெட்டி? கரண்ட் போனால் என்ன ஆகும்? முதல் இரண்டும் பொது அறிவுக்கு. மூன்றாவது, ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவைப் பற்றியது.

வேலையிலிருந்து ஆரம்பிப்போம்.

திருச்சிக்காரர்களுக்கு இதன் சூட்சுமத்தைச் சொல்வது சுலபம். எல்லோரும் ஒரு தடவையாவது கட்டுசாதத்துடன் முக்கொம்பு போயிருப்பீர்கள். அகண்ட காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே தீவாக ஸ்ரீரங்கம். 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் அங்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். கிழக்கே கல்லணையில் மறுபடி பாகப்பிரிவினை. காவிரி, வெண்ணாறு, புது ஆறு. அப்புறம் கிளை ஆறுகள், வாய்க்கால்கள், கடைசியில் ஒரு வயலின் மடை. அந்தக் கடைசி வயல்காரருக்கு டெல்டாவில் ஒரு பெயர் உண்டு. கடைமடை விவசாயி. மேட்டூர் அணை திறந்த போட்டோ பேப்பரில் வந்து பல நாள் கழித்துத்தான் அவர் வயல் நனையும்.

வீட்டு இன்டர்நெட்டும் அதே பாசன முறைதான். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெரிய கருவி. அதிலிருந்து ஒரே ஒரு கண்ணாடி இழை கிளம்பி உங்கள் பேட்டைக்கு வருகிறது. தெருமுனைக் கம்பத்தில் ஒரு கறுப்பு டப்பா தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் 'ஸ்ப்ளிட்டர்' என்று ஒரு சமாசாரம். வந்த ஒளியை எட்டாக, பதினாறாக, முப்பத்திரண்டாக, அறுபத்துநாலாகப் பங்கு போடும். ஒரு பங்கு ஒரு வீட்டுக்கு. முக்கொம்பிலாவது ஷட்டரைத் தூக்க மோட்டார் வேண்டும். ஸ்ப்ளிட்டருக்கு அதுகூட வேண்டாம். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, கரண்டே கிடையாது. சும்மா கண்ணாடி. இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஏற்பாட்டுக்கு 'ஜிபான்' என்று பெயர். சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் 2003-ல் இதற்கு இலக்கணம் வகுத்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு செகண்டுக்குச் சுமார் 2.5 கிகாபிட். வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு அதில் பாதி. போவதும் வருவதும் ஒரே இழையில். இரண்டுக்கும் வேறு வேறு நிறம் என்பதால் முட்டிக்கொள்வதில்லை. இரண்டு நிறமும் நம் கண்ணுக்குத் தெரியாது. (தெரியாது என்பதற்காக இழையைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். லேசர்.)

இழையின் மொத்த தடிமன் 125 மைக்ரான். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அதன் நடுவில் ஒளி ஓடும் பாதை ஒன்பதே மைக்ரான். 1966-ல் சார்லஸ் காவ் என்ற ஷாங்காயில் பிறந்த எஞ்சினீயர், ஹாக்கம் என்ற சகாவுடன் இங்கிலாந்தில் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடியில் ஒளி மங்குவது கண்ணாடியின் குணத்தால் அல்ல, அதிலுள்ள அழுக்கால்தான், சுத்தம் பண்ணினால் பேச்சை ஒளியில் அனுப்பலாம் என்றார். ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சினால் போதும் என்பது அவருடைய இலக்கு. அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி 1970-ல் அதைத் தாண்டியது. இன்றைய இழையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போன பிறகும் பாதி வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. காவ் அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது 2009-ல். நாற்பத்துமூன்று வருஷம் காத்திருந்தார். கடைமடைக்கு எதுவும் தாமதமாகத்தான் வரும் போலிருக்கிறது.

இத்தனை தூரம் வந்து, இத்தனை பங்கு போட்டு, உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் எவ்வளவு ஒளி விழுகிறது தெரியுமா? மாட்ட வந்தவர் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்து 'மைனஸ் இருபது சார், சூப்பர்' என்று சொல்லியிருப்பார். அந்த மைனஸ் இருபதுக்கு அர்த்தம், ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால்கூட பெட்டி சமாளித்துக்கொள்ளும். அந்தத் துளி வெளிச்சம் செகண்டுக்கு 250 கோடி தடவை துடிக்கிறது. அதை ஒன்றுவிடாமல் படிக்கிறது உங்கள் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் டப்பா.

இன்னொரு வினோதம். ஸ்ப்ளிட்டருக்கு மூளை இல்லை என்பதால், தெருவில் முப்பத்திரண்டு வீடு இருந்தால் முப்பத்திரண்டு வீட்டுத் தபாலும் எல்லா வீட்டுக்கும் வருகிறது. எதிர்வீட்டு சீரியலும் பக்கத்துவீட்டு பாங்க் கணக்கும் உங்கள் சுவர்வரை வந்து போகின்றன. அவரவர் பெட்டி அவரவர் விலாசம் போட்ட தபாலை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றதைப் பிரித்துப் படிக்க முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் ரகசியப் பூட்டு போட வழி உண்டு.

எதிர்த்திசையில் முறைப்பாசனம். எல்லா வீடும் ஒரே சமயத்தில் பேசினால் ஒளியோடு ஒளி கலந்து குழம்பிவிடும் இல்லையா? அதனால் எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு பெட்டிக்கும் முறை கொடுக்கிறது. 'நீ பேசு, போதும், இப்போது நீ.' மில்லி செகண்டுக்கும் குறைவான முறைகள். எந்த வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தபடி நேரம் ஒதுக்குகிறது. வாய்க்கால் வரப்பில் அரிவாள் தூக்காமல் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ள நம் மனிதர்கள் இந்தப் பெட்டிகளிடம் கற்றுக்கொள்ளலாம்.

முப்பத்திரண்டு வீடும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இறக்கினால் வீட்டுக்கு 78 மெகாபிட்தான் கணக்கு. கம்பெனிக்காரர் உங்களுக்கு விற்றது 100, 200, 300. எல்லோரும் ஒரே சமயத்தில் குளிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற மாதிரிதான். பெரும்பாலும் அந்த தைரியம் பலித்துவிடும். ஐ.பி.எல். ஃபைனல் அன்று பலிக்காமல் போகலாம்.

ஆக, முதல் கேள்விக்கு பதில்: வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சினீயரிங்குக்கு நூற்றுக்குத் தொண்ணூறு.

பெட்டியின் தலையில் விழுகிற பழிகளில் பாதி, தெருவைச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வழி தவறினால் கவலையில்லை. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரமாக ஓடுகின்றன. இந்தப் பக்கம் அடைத்திருந்தால் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ஓடும் பெரிய இழைகளையும் இப்படி வளையமாகத்தான் போடுகிறார்கள். ஒரு இடத்தில் வெட்டுப்பட்டால் செய்தி மறுபக்கமாகச் சுற்றி வரும். உங்கள் வீட்டு வாசலுக்கு வருவது மட்டும் ஒற்றையடிப் பாதை. குழி தோண்டுகிறவர் கடப்பாரையில் அறுந்தாலும், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போனாலும் மாற்று வழி கிடையாது. கோயில் ஊர்களில் வேறு தொந்தரவுகளும் உண்டு. காசியில் கங்கைக்கரையோரம் கட்டிய இழைகளைக் குரங்குகள் கடித்துத் துப்பின என்று 2015-ல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதற்கெல்லாம் பெட்டியைத் தட்டிப் பிரயோஜனமில்லை.

தட்ட வேண்டிய விஷயங்கள் வேறு இருக்கின்றன. முதலில் அதன் பாஷை.

பெட்டியின் முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். பொடி எழுத்தில் 'பி.ஓ.என்.', 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதியிருக்கும். முதலாவதை ரிப்பேர்காரர்கள் 'பான்' என்கிறார்கள். பச்சையாக நின்று எரிந்தால் எக்ஸ்சேஞ்சோடு பேச்சுவார்த்தை சுமுகம். இரண்டாவதை 'லாஸ்' என்கிறார்கள். நஷ்டம் இல்லை, 'லாஸ் ஆஃப் சிக்னல்'. அது சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வரவில்லை, வெளியே எங்கோ அறுந்திருக்கிறது. இனி போனில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'மாமி, பெட்டியில ரெட் லைட் எரியுதா?'

'ஏதோ மினுக்மினுக்குனு இருக்குப்பா.'

'எது மாமி? பானா, லாஸா?'

'பானை எங்கேப்பா இருக்கு அதுல? இரு, கண்ணாடிய எடுத்துண்டு வரேன்.'

இதில் மாமி மேல் தப்பில்லை. ஏ.டி.எம். தமிழ் பேசுகிறது. பஸ்சில் கண்டக்டர் கிழிக்கும் டிக்கெட் தமிழ் பேசுகிறது. லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைப் படிக்கத் தெரிந்த பெட்டிக்கு, 'வெளியே ஒயர் அறுந்திருக்கிறது, ஆபீசுக்குச் சொல்லவும்' என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்துபோகிற விஷயம். செலவு, வெற்றிலைபாக்குக் காசு. பழக்கவழக்கத்துக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து. ஜஸ்ட் பாஸ்.

இரண்டாவது கேள்வி. யாருடைய பெட்டி?

டெபாசிட் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது காசு கொடுத்தே வாங்கியிருக்கிறீர்கள். கரண்ட் பில் கட்டுகிறீர்கள். தூசி துடைக்கிறீர்கள். ஆனால், அதன் உள் சாவி பெரும்பாலும் கம்பெனியிடம். எந்த அமைப்பை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். தூரத்திலிருந்தே பெட்டிக்குள் நுழைந்து அதன் மென்பொருளை மாற்றலாம். வேறு கம்பெனிக்கு மாறினால் பெட்டி பெரும்பாலும் பரணுக்குப் போகும்.

கம்பெனி தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. முறைப்பாசனம் என்று சொன்னேன் அல்லவா? ஒரே ஒரு பெட்டி கிறுக்குப் பிடித்து, முறை தவறி சதா ஒளியைக் கக்கிக்கொண்டிருந்தால் அந்தத் தெருவில் அத்தனை வீட்டுக்கும் இன்டர்நெட் போச்சு. ஒருவர் மடையை மூட மறுத்தால் ஊர் வயல் கெடுகிற மாதிரி. அதனால் கண்ட பெட்டியையும் மாட்ட விடமாட்டோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஆனால், சாவி உங்களிடம்தான் என்றால் பூட்டும் உங்கள் பொறுப்புதானே? 2017 ஜூலையில் 'பிரிக்கர்பாட்' என்ற விஷமக் கிருமி பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். சந்தாதாரர்களின் மோடம்களை ஆயிரக்கணக்கில் சாகடித்தது. அவை பழைய தாமிரக் கம்பி மோடம்கள். காரணம், தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. திண்ணையில் சாவியை வைத்துவிட்டுப் போன கதை. அடுத்த வருஷம், 2018-ல், கண்ணாடி இழைப் பெட்டிகளுக்கும் வந்தது வினை. உலகமெங்கும் பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் மாட்டியிருந்த ஒரு ரகப் பெட்டியில், விலாசத்துக்குப் பின்னால் சில எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் பாஸ்வேர்டே கேட்காமல் கதவு திறந்துவிட்டது.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1-லிருந்து, வீட்டில் எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளர் இஷ்டம் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டையும் பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றித் தந்துவிட்டு, ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற மரியாதை போதும். இதற்கு நூற்றுக்கு நாற்பது.

இனி மூன்றாவது கேள்வி. கரண்ட் போனால்?

பழைய கறுப்பு டெலிபோனை நினைத்துப் பாருங்கள். டயலில் விரல் விட்டுச் சுற்றுவோமே, அது. அதற்கு பிளக் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எக்ஸ்சேஞ்சில் வரிசையாகப் பெரிய பெரிய பேட்டரிகள். அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம், பேச்சு வருகிற அதே தாமிரக் கம்பியில் வீட்டுக்கு வந்தது. ஊர் இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் காதில் 'ஞொய்' என்று டயல் டோன். 2012-ல் சென்னை நீங்கலாகத் தமிழ்நாடு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் கிடந்தபோதுகூட அந்த 'ஞொய்' இருந்தது. நாம் அதை ஒரு வசதி என்றே நினைக்கவில்லை. காற்று மாதிரி, இருக்கும்.

கண்ணாடி இழையில் அது நடக்காது. கண்ணாடியில் மின்சாரம் போகாது. போவது ஒளி. அந்த லட்சத்தில் ஒரு பங்கு வாட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி அடிக்கக்கூட முடியாது. அதனால் பெட்டிக்குத் தனியாக சாப்பாடு போட வேண்டும். 12 வோல்ட் அடாப்டர், சுவர் பிளக். கரண்ட் போனால் பெட்டி செத்தது. பெட்டி செத்தால் அதன் முதுகில் செருகியிருக்கும் டெலிபோனும் செத்தது.

இதில் என்ன பிரமாதம், செல்போன் இருக்கிறதே என்பீர்கள். உங்களுக்கு இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோடு பக்கத்து அபார்ட்மென்ட்களில் எத்தனை வயதான தம்பதிகள், எத்தனை தனிப் பாட்டிகள் என்று யோசித்துப் பாருங்கள். பெருமாள் பக்கத்தில், காவிரி பக்கத்தில் என்று வந்து செட்டில் ஆனவர்கள். பிள்ளை நியூஜெர்சியில், பெண் பெங்களூரில். 0431 என்று ஆரம்பிக்கும் அந்தப் பழைய நம்பர்தான் டாக்டரிடமும் பாங்கிலும் மளிகைக்கடையிலும் கொடுத்திருப்பது. செல்போன் இருக்கும். சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தால் எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று விரலுக்குப் பழகியிருக்காது. அவசரத்தில் கை தானாகப் போவது ரிசீவருக்குத்தான்.

தாமிரக் கம்பி பழசாகிவிட்டது, இழைக்கு மாறுங்கள், அதே நம்பர், அதே டெலிபோன் என்று பல ஊர்களில் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். நம்பர் அதேதான். டெலிபோனும் அதே டெலிபோன். குணம் மட்டும் வேறு. திருச்சி பேப்பரில் 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி' என்று ஏரியா பெயர்களைப் பொடி எழுத்தில் அடுக்கிப் போடுவார்கள். காலை ஒன்பது ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை மின்சாரம் இருக்காது. அந்த ஆறேழு மணி நேரத்தில் வழுக்கி விழுந்த ஒருவர் 108-க்கு போன் பண்ண ரிசீவரை எடுத்தால், 'ஞொய்' இல்லை. நான் சொல்வது புயலும் வெள்ளமும் இல்லை. 2018-ல் கஜா அடித்தபோது டெல்டாவில் கம்பங்களே சாய்ந்தன, செல்போன் டவர்களும் ஓய்ந்தன. அதற்கு எந்தப் பெட்டியும் ஜவாப்தாரி ஆகாது. இது சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வரும் ஆபத்து.

இப்போது, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். தெருவில் தொங்கும் இழைக்கு வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். அதாவது, எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சுவர் வரைக்கும், இருபது கிலோமீட்டர் ஆனாலும், ஊரே இருண்டு கிடந்தாலும், ஒளி தவறாமல் வந்துகொண்டேயிருக்கிறது. வந்து உங்கள் வீட்டுப் பெட்டி வாசலில் நிற்கிறது. உள்ளே ஆளில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் அத்தனை ஆறும் வாய்க்காலும் தாண்டி வந்துவிட்டது. கடைமடையில் மட்டும் பலகையைத் தூக்க ஆள் இல்லை.

இது தொழில்நுட்பத்தின் தோல்வி என்றால் வருத்தத்தோடு விட்டுவிடலாம். இல்லை. இந்த அமைப்பு கரண்ட் கட்டுக்கென்றே செய்த மாதிரி அமைந்திருக்கிறது. குறைவது ஒரே ஒரு பேட்டரி. பெட்டி சாப்பிடுவது பொதுவாகப் பத்து வாட்டுக்குள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸுக்குள் இருக்குமே, 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி, அதை வைத்தே ஐந்தாறு மணி நேரம் ஓட்டலாம். இதற்கென்றே உள்ளங்கை அகலத்தில் மினி யு.பி.எஸ். வருகிறது. அது சின்னது, இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். தீப்பெட்டியில் குச்சி இல்லாமல் விற்கிற மாதிரி, பேட்டரி இல்லாமல் பெட்டியை மாட்டுகிறார்கள்.

மற்ற ஊர்களில் இதை யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015-ல் ஒரு விதி போட்டார்கள், 2025 வரை அது அமலில் இருந்தது. இந்த மாதிரி போன் கொடுக்கும் கம்பெனிகள், கரண்ட் போனால் இது வேலை செய்யாது என்று வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. வேண்டுபவர்களுக்கு எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியை விலைக்குக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. பிரிட்டனில் தொலைத்தொடர்பு கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் சொன்னது இன்னும் கனிவு. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருக்கும் வயதானவர்கள், நோயாளிகள் போன்றவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர நம்பருக்குப் பேச வழி பண்ணிக் கொடு, அதுவும் இலவசமாக. கரண்ட் அபூர்வமாகப் போகிற ஊர்களில் இந்தக் கவலை. நம் ஊரில் நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். எத்தனை மெகாபிட், எத்தனை ஓ.டி.டி. என்று பெரிய எழுத்தில் இருக்கும். 'மின்தடையின்போது இந்த டெலிபோன் இயங்காது' என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தக் கம்பெனியை இதே பக்கத்தில் பாராட்டுகிறேன்.

கம்பெனிகள் எப்போது திருந்துவது என்று காத்திருக்க வேண்டாம். முதல் காரியம் தம்படி செலவில்லாதது. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம். ஆனால், பெட்டி எந்த பிளக்கில் இருக்கிறது? மாட்ட வந்தவர் கைக்கு எட்டிய டி.வி. பிளக்கில் செருகியிருப்பார். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் போகும், டி.வி. பிளக்குக்குப் போகாது. ஃபேன் சுற்றும், பெட்டி செத்துக்கிடக்கும். மெயினை ஒரு நிமிஷம் அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வையுங்கள். 'ஞொய்' வந்தால் சந்தோஷம். வராவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைனில் ஒரு பாயின்ட் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரே இல்லை என்றால் மினி யு.பி.எஸ். வாங்குங்கள். வாங்கும்போது அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இணைப்பு கொடுப்பது உள்ளூர் கேபிள்காரர் என்றால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்க ரூம்ல கரண்ட் போனா எத்தனை மணி நேரம் தாங்கும்?' எக்ஸ்சேஞ்ச் கருவி அவருடைய மாடி அறையில் இருக்கலாம். அங்கே பேட்டரி படுத்துவிட்டால் நீங்கள் வீட்டில் என்ன வைத்தும் பிரயோஜனமில்லை. நூறு சந்தாதாரர்கள் இதைக் கேட்டால் அவர் ஒரு பேட்டரி கூடுதலாக வாங்குவார். வியாபாரிகள் கேள்விக்கு மதிப்புக் கொடுப்பவர்கள், பதில் மாச பில்லைப் பாதிக்கும் என்றால்.

மார்க் பட்டியல்: எஞ்சினீயரிங் 90, பழக்கவழக்கம் 35, சொந்தம் கொண்டாடல் 40, ஆபத்துக்கு உதவுதல் பூஜ்யம். கடைசிப் பாடத்தில் பூஜ்யம் வாங்கினால் மற்றதைக் கூட்டிப் பாஸ் போடும் வழக்கம் என்னிடம் இல்லை.

அடுத்த தடவை அம்மாவுக்கு போன் பண்ணும்போது, 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்று கேட்ட கையோடு, 'கரண்ட் போனா போன் வேலை செய்யறதா?' என்றும் கேளுங்கள். 'தெரியலையேடா' என்று சொன்னால், மாடி வீட்டுப் பையனிடம் சொல்லி மெயினை ஒரு நிமிஷம் அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லைன் அப்போதே கட்டானால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.